நான்கு எல்லைகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கட்டம்

எங்கள் வீட்டில் மிளகுப்பொடி வாங்குவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. மொட்டை மாடியில் ஒரு தட்டை வைத்துவிட்டு வந்தால் போதும். பின்னால் இருக்கும் அரிசி ஆலையின் புகைபோக்கி உமிச் சாம்பலைத் தேவையான அளவு தூவிக் கொடுத்துவிடும். இந்த ஜோக்கை நான் ஆலை முதலாளியிடமே சொல்லியிருக்கிறேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்து, மேனேஜரைக் கூப்பிட்டு, அவரிடமும் ஒருமுறை சொல்லச் சொன்னார். மேனேஜரும் சிரித்தார். மறுநாள் சாம்பல் வழக்கம்போல வந்தது.

ஜோக்கடிக்கிறவன் என்று பேர் வாங்கிவிட்டால் இதுதான் கஷ்டம். வயிற்றுவலி என்று சொன்னால்கூட எதிரில் இருப்பவர் சிரிக்கத் தயாராகிறார்.

முதலாளி எனக்கு மாமா முறை. அவர் பள்ளிவாசல் தெரு, நான் வாய்க்கால் தெரு. எங்கள் ஊரில் இந்த இரண்டு தெருவுக்கும் மாமன் மாப்பிள்ளை உறவு. யார் எப்போது யாருக்குப் பெண் கொடுத்தார்கள் என்று கேட்டால் இரண்டு தெருவிலும் பதில் கிடையாது. மாமா வளைகுடாவில் பல வருடம் உழைத்துவிட்டு வந்து, மூடிக் கிடந்த ஆலையை வாங்கி ஓட்டுகிறார். அவர் வாங்கிய ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் பத்திரம் எழுதியவன் நான். அதுதான் என் தொழில். நன்னிலம் போகும் சாலையில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வெயில் காலத்தில் மட்டும் பழுதாகும் ஒரு மின்விசிறி.

எங்கள் வீட்டுக்குக் கிழக்கே ஒரு இட்லிக்காரம்மா இருக்கிறார். கணவர் இல்லை. ஆலையில் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் லாரிக்காரர்களுக்கும் காலை டிபன் அவர் கையால்தான். அந்த வருமானத்தில்தான் மகள் தஞ்சாவூரில் நர்சிங் படிக்கிறாள். சாம்பார் இறக்கியதும் ஒரு கிண்ணம் எங்கள் மதில்மேல் வந்து உட்காரும். என்னை அண்ணே என்பார், என் மனைவியை அண்ணி என்பார்.

ஒரு நாள் ஊராட்சி அலுவலகப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஆலையை ஒட்டிய நஞ்சையைத் தொழிற்சாலை நிலமாக வகை மாற்ற மாமா விண்ணப்பித்திருந்தார். இன்னொரு பாய்லர் வரப்போகிறது என்று அர்த்தம். பொதுமக்கள் ஆட்சேபணை இருந்தால் எழுத்தில் தரலாம். பெயரும் விலாசமும் இல்லாத மனு ஏற்கப்படாது. ஆனால் மனுக்களை இணையத்தில் வெளியிடும்போது மனுதாரரின் தனிப்பட்ட விவரங்கள் மறைக்கப்படும். கடைசி வரியைத் திரும்பவும் படித்தேன். அரசாங்கம் என் தோளில் கைபோட்டு, ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், "நீ சொல்லுப்பா, நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்றதுபோல இருந்தது.

மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "மாமாகிட்ட நேர்லயே சொல்லுங்களேன்."

"சொன்னேனே. சிரிச்சாரு."

"சிரிக்கிற மாதிரி சொன்னா சிரிக்காம என்ன பண்ணுவாங்க?"

நான் கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தேன். துணி காயப்போட முடியவில்லை, கிணற்றில் கரி மிதக்கிறது, மனைவிக்கு இருமல் நிற்கவில்லை, இன்னொரு பாய்லர் வந்தால் தெருவே தாங்காது என்று, ஒரு ஜோக்கும் இல்லாமல், எனக்கே நம்ப முடியாத அளவுக்குப் பொறுப்பாக எழுதினேன். பிறகு "பாதிக்கப்படும் இடம்" என்று தலைப்புப் போட்டேன். அங்கேதான் விரல்கள் தாமாக ஓட ஆரம்பித்தன.

பத்திரத்தில் ஒரு மனையைக் குறிப்பிட நாங்கள் செக்குபந்தி எழுதுவோம். அதாவது நான்கு பக்கமும் யார், எது என்ற விவரம். கதவு எண் மாறும், தெருவுக்கே பேர் மாறும், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரர்தான். ஆகவே இன்னாருடைய மனைவி இன்னார் வீட்டுக்கு மேற்கு, பாசன வாய்க்காலுக்குக் கிழக்கு, பொதுத் தெருவுக்குத் தெற்கு, அரிசி ஆலைச் சுற்றுச்சுவருக்கு வடக்கு, இதற்கு மத்தியில் அடங்கிய மனையும் வீடும் என்று அடித்து முடித்தேன். கதவு எண் ஒன்று போட்டிருந்தால் போதும். யாரும் கேட்காமல், யாருக்கும் தேவைப்படாமல், என் பழக்கம் அதை எழுதியது. கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

சில வாரங்களில் மனுக்கள் இணையத்தில் வந்தன. கடையில் தனியாக இருக்கும்போது திறந்து பார்த்தேன். என் மனுவின் தலையில் ஒரு கறுப்புக் கட்டம், காலில் ஒரு கறுப்புக் கட்டம். பெயர், விலாசம், போன் நம்பர், கையெழுத்து எல்லாம் அடுப்புக்கரி பூசியதுபோல மறைந்திருந்தன. அரசாங்கம் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது. நிம்மதியாக நடுப்பகுதியைப் படித்துக்கொண்டே வந்தவன், செக்குபந்தியில் வந்து நின்றேன். அது அப்படியே இருந்தது. ஆலைச் சுவருக்கு வடக்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு. ஊரில் யாரிடம் காட்டினாலும் நேராக என் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். முகத்தை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வழி எழுதிய பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

அன்றிலிருந்து நான் நடந்துகொண்ட விதத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்; பரவாயில்லை, எனக்குப் பழக்கம்தான். ஆலை வாசலைத் தாண்டாமல் கடைக்குப் போக வயல் வரப்பு வழியைக் கண்டுபிடித்தேன். தாளடி நெல்லுக்குத் தண்ணீர் கட்டியிருந்த நேரம். ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் கம்ப்யூட்டர் பையுமாக ஓர் ஆவண எழுத்தர் சேற்றில் போவதை, களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "சார், சர்வேயா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். நெல் லாரி ஹாரன் அடித்தால் எனக்குத்தான் அடிக்கிறார்கள் என்று தோன்றியது. மாமாவின் போன் வந்தபோது, எடுக்காமல், அது அடித்து ஓயும்வரை எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"கவர்மென்டுக்கு லெட்டர் போட்டுட்டு, களவாண்டவன் மாதிரி வரப்புல போறீங்க. ஊர்ல சந்தேகம் வராதவனுக்கும் வரும்" என்றாள் மனைவி.

பயம் தாங்காமல் ஒரு நாள், டவுனில் மனு அனுப்பிய அலுவலகத்துக்கே போய்விட்டேன். மனுக்கள் பிரிவில் இருந்த உதவியாளர் பொறுமையான பெண். திரையில் என் மனுவை எடுத்து, கறுப்புக் கட்டங்களைத் தான் பெற்ற பிள்ளைகள்போலக் காட்டினார்.

"மறைச்சாச்சே சார். மனுதாரர் பேரு, விலாசம், போன், கையெழுத்து. எங்களுக்கு வந்த உத்தரவுல இந்த நாலுதான்."

"அந்த எல்லை விவரத்தையும் மறைச்சிட்டா நல்லாயிருக்கும்மா."

"வாய்க்கால் எப்படி சார் தனிப்பட்ட விவரமாகும்? சுவத்துக்குப் போய் யாராவது கறுப்புக் கட்டம் போடுவாங்களா?"

"எங்க ஊர்ல அதுதாம்மா விலாசம்."

"கிழக்க மட்டும் ஒரு பேரு இருக்கு. அது உங்க பேரு இல்லையே. அவங்க வந்து எழுதிக் கொடுத்தா பாக்கலாம். உங்களோடத மறைக்கணும்னா, ஏன் மறைக்கணும்னு ஒரு மனு கொடுங்க. பேரு, விலாசம், ஆதார் நகல் வச்சு. அதையும் இந்த ஃபைல்லயே சேத்துடுவோம்."

மறைக்கச் சொல்லும் மனுவையும் வெளியிடுவீர்களா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "கட்டம் போட்டுத்தான் வெளியிடுவோம்" என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கிழக்கே ஒரு பேர் இருக்கிறது என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. மண்டைக்குள் போகவில்லை. அந்த நாட்களில் என் மண்டைக்குள் நான் ஒருவன் மட்டுமே குடியிருந்தேன்.

வரப்பு வழியில் போனாலும் டீக்கடை ஒன்றுதான். அங்கே ஒரு சாயங்காலம் மாமா என்னைப் பிடித்துவிட்டார்.

"என்ன மாப்ள, ஆளையே காணோம். போனும் எடுக்கறதில்ல."

"சளி மாமா."

"சளிக்கும் போனுக்கும் என்னய்யா சம்பந்தம்?" சிரித்துக்கொண்டே பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "நம்ம மில்லு மேல ஆட்சேபணை குடுத்தது யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

"இட்லிக்காரம்மாதான். எல்லா எடத்துலயும் கறுப்பு அடிச்சிருக்கான் ஆபீஸ்காரன். நடுவுல ஒரு எடத்துல மட்டும் அடிக்க மறந்துட்டான். பேரு பளிச்சுனு இருக்கு. மேனேஜர்தான் கண்டுபிடிச்சாரு."

மாமா என் தொடையில் தட்டினார்.

"அந்த அம்மாவுக்கு இப்படியெல்லாம் எழுத வராது. ஓடுற வாசகத்தைப் பாத்தா உன் கை மாதிரிதான் இருக்கு. எழுதிக் குடுத்தியா? பரவால்ல, உன்மேல தப்பே இல்ல. நாளைக்கு நானே உன்மேல கேஸ் போட்டாலும் பிராது எழுத உன்கிட்டதான் வருவேன். தொழில்னா அப்படித்தான்."

எங்கள் தொழிலின் சலுகை அது. யார் வீட்டையும் யாருக்கும் எழுதுவோம். அண்ணனைத் தம்பி ஒதுக்கி எழுதும் உயிலையும் நாங்கள்தான் எழுதுவோம். கடைசிப் பக்கத்தில் "எழுதியவர்" என்று ஓரமாக ஒரு கையெழுத்து, அதோடு சரி. யாரும் எங்களைக் கோபிப்பதில்லை. அந்தச் சலுகையை மாமா வாழைப்பழம்போல உரித்து என் கையில் கொடுத்துவிட்டார். நான் வேண்டிக்கொண்டதெல்லாம் நடந்துவிட்டது. என்னை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தாலும் மன்னிப்புத் தயாராக இருந்தது. டீக்குக் காசும் மாமாவே கொடுத்தார். வீட்டுக்கு ரோட்டு வழியாகவே, விசில் அடிக்காத குறையாக நடந்து போனேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் காலை மதில்மேல் கிண்ணம் இருந்தது. கூடவே இட்லிக்காரம்மாவும் நின்றிருந்தார். அந்த நேரத்தில் அவர் ஆலை வாசலில் இருக்க வேண்டும்.

"அண்ணி, இதைக் கொஞ்சம் வாயில ஊத்திப் பாருங்க. புளிப்பு கூடிடுச்சா?"

மனைவி உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள். "எப்பவும் போலதான் இருக்கு. ஏன்?"

"மேனேஜர் நேத்து ராத்திரி ஆள் விட்டு, நாளையிலேருந்து டிபன் வேணாம்னுட்டாரு. டவுன்லேருந்து ஓட்டல்காரன் கொண்டுவரானாம். என்ன கொறைன்னு கேட்டா சொல்லமாட்டேங்கிறாங்க. பருப்பு மாத்தி வாங்கினேன். அதுதான் வேகலையோன்னு பாக்கறேன். அண்ணே, நீங்க சொல்லுங்க. உங்க நாக்கு நல்ல நாக்கு."

நான் சாம்பாரைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அதைப் பாதி நம்பினார். அன்று முழுவதும் அந்த வீட்டிலிருந்து தாளிக்கும் வாசனை வந்துகொண்டே இருந்தது. வாங்க ஆளில்லாத சாம்பாரை அவர் திருத்திக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்ததும், டீக்கடையில் மாமா சொன்னதை மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டாள், "அவ பேரு அந்த லெட்டர்ல எப்படி வந்துச்சு?"

செக்குபந்தியை விளக்கினேன்.

"அப்ப உங்களை மறைச்சுட்டு அவளைக் காட்டிட்டாங்க."

"அவங்க காட்டல. நான்தான் எழுதினேன்."

"நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

"கொஞ்சம் பொறு. ஆபீஸ்ல பேசிட்டு வந்துடறேன்."

திரும்பவும் அதே உதவியாளர். என்னைப் பார்த்ததும், இன்னும் எதை மறைக்கச் சொல்லப்போகிறானோ என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எதையும் மறைக்க வேணாம்மா. என் பேரைத் திறந்துவிடணும்."

"புரியல சார்."

"அந்தக் கறுப்பை எடுத்துடுங்க. மனு கொடுத்தது நான்தான்னு ஊருக்குத் தெரியணும்."

அவர் மேலதிகாரியிடம் போனார், வந்தார், ஒரு தடிமனான கோப்பைப் புரட்டினார். கடைசியில் வருத்தத்தோடு சொன்னார்: "மறைக்கறதுக்குத்தான் சார் வழி இருக்கு. திறக்கறதுக்கு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. நாங்களா எடுத்தா நாளைக்கு எங்கமேல கேள்வி வரும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "கருத்துக் கேட்பு கூட்டம் இருக்குல்ல, அங்க வேணா பேசுங்க. ஆனா அங்கயும் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவோம். நீங்க வரலன்னாலும் எழுதினதையே எடுத்துக்குவாங்க. பயப்படாதீங்க" என்றார்.

நல்ல பெண். கடைசிவரை என்னைக் காப்பாற்றிவிடத்தான் பார்த்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஒன்று தோன்றியது. இத்தனை வருடத்தில் நான் எழுதிய பத்திரங்களில் எத்தனை பேரை இப்படி எல்லையாக நிறுத்தியிருப்பேன். விற்பவரும் வாங்குபவரும் என் எதிரில் உட்கார்ந்து சம்மதித்துக் கையெழுத்துப் போடுவார்கள். நான்கு பக்கத்தில் நிற்பவர்களை யாரும் கூப்பிட்டதில்லை. அவர்கள் அப்போது வயலில் இருப்பார்கள், அல்லது சமைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குத் தெரியாமலே அவர்கள் பேரும், அப்பா பேரும், புருஷன் பேரும் முத்திரைத்தாளில் ஏறிக்கொண்டிருக்கும். அதில் ஒரு தப்பும் இருந்ததாக எனக்கு அதுவரை தோன்றியதில்லை. சட்டப்படி இப்போதும் தப்பில்லை.

கூட்டம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. மேடையில் ஓர் அதிகாரி, பக்கத்தில் அந்த உதவியாளர், முன்வரிசையில் மாமாவும் மேனேஜரும். எங்கள் தெருக்காரர்கள் பின்னால், மின்விசிறிக்கு நேராக இடம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் சில எண்களைக் கூப்பிட்டபோது யாரும் எழுந்திருக்கவில்லை. அதிகாரி எழுத்தில் உள்ளதைப் படித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். என் எண் வந்தது.

கொஞ்சம் தாமதித்தால் அவர் படிக்க ஆரம்பித்துவிடுவார், எல்லாம் முடிந்துவிடும் என்று உள்ளே ஒரு குரல் அன்பாகச் சொன்னது. பக்கத்தில் இருந்த மனைவி என் விலாவில் இடித்தாள். அன்பு அந்தப் பக்கம் குறைவு. நான் எழுந்ததைப் பார்த்ததும் கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது. இன்னும் வாயே திறக்கவில்லை. மாமாவும் நல்ல ஜோக் வரப்போகிறது என்று நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார்.

மைக்கில் என் பேரைச் சொன்னேன். அப்பா பேரைச் சொன்னேன். சிரிப்புத் தொடர்ந்தது. கதவு எண், தெரு, போன் நம்பர் சொன்னேன். உதவியாளர் பதறி, "சார், அதெல்லாம் வேணாம்" என்றார். நான் நிறுத்தவில்லை.

"இந்த மனுவை எழுதினது நான். யாருக்காகவும் எழுதிக் கொடுக்கல. எனக்காக எழுதினேன். இதுல ஒரு அம்மா பேரு இருக்கு. அது என் வீட்டுக்குக் கிழக்கு எல்லை, அவ்வளவுதான். அவங்களுக்கும் இந்த மனுவுக்கும் சம்பந்தம் இல்ல. அவங்களை ஒரு வார்த்தை கேக்காம நான் எழுதினேன்."

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அணைந்தது. அதன் பிறகு சாம்பலைப் பற்றிச் சொன்னேன். ஒருவரும் சிரிக்காமல் நான் பேசியது என் நினைவில் அதுதான் முதல் தடவை. மேடையில் கைதட்டல் வாங்குகிறவனுக்கு நிசப்தம் எவ்வளவு பயங்கரமானது என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் மாமா நின்றார்.

"ஏன்யா, என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன் மாமா. மிளகுப்பொடின்னு."

"அது ஜோக்குய்யா."

"ஆமா."

அவர் கார் சாவியை எடுத்தார். "டீக்கடையில வச்சாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பொம்பளை பொழப்புல கை வச்சுட்டேனே. போதாததுக்கு உன் பக்கத்துல உக்காந்து டீ வேற வாங்கிக் குடுத்தேன்." அதற்குமேல் பேசாமல் காரில் ஏறினார். அடுத்த பத்திரத்தை அவர் திருத்துறைப்பூண்டியில் எழுதிக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். டிபனுக்கு மறுநாளே ஆள் அனுப்பிவிட்டார், மேனேஜரையே அனுப்பினார்.

விஷயம் இட்லிக்காரம்மா காதுக்கு நான் வீடு சேருவதற்கு முன்பே போயிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் செருமினேன்.

"தப்பு என்னோடதும்மா."

"பருப்பை மூணு கடையில மாத்தினேன்." தேய்ப்பதை நிறுத்தவில்லை. "உங்ககிட்டயே வந்து ருசி பாக்கச் சொன்னேன்."

"பேரு எழுதறப்ப யோசிக்கல. பழக்கம்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பீங்களா?"

"எதுக்கு சொல்றேன்? அந்த மில்லு சோறு திங்கிறவ நான். வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்." பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தார். "அது தெரிஞ்சுதான் கேக்கலையோ என்னமோ."

அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையில் நான் அவ்வளவு தூரம்கூட யோசிக்கவில்லை. அதைச் சொல்வது இன்னும் மோசமாகத் தோன்றியதால் சும்மா இருந்தேன்.

சில நாள் கழித்து அவர் கையெழுத்துப் போட்ட மனு ஒன்றை அந்த அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். எழுதியது நான்தான், அனுப்பும் முன் அவரிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னார், திருத்தினேன். இப்போது இணையத்தில் அவர் பேர்மேலும் ஒரு கறுப்புக் கட்டம் இருக்கிறது. ஊருக்கே மைக்கில் சொல்லிவிட்ட என் பேர்மேலும் இருக்கிறது. நிலம் வகை மாற்றும் கோப்பு மேலே போயிருக்கிறது என்கிறார்கள். மொட்டை மாடியில் சாம்பல் விழுகிறது. ஆனாலும் புகைபோக்கிக்கு ஏதோ வடிகட்டி போடுவதற்கு மாமா கோயம்புத்தூரிலிருந்து ஆள் கூட்டிவந்து அளந்தாராம். எனக்குச் சொல்லவில்லை, மேனேஜர் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

கடையில் ஒரு மாற்றம் செய்து பார்த்தேன். போன வாரம் ஒரு மனை விற்பனை. வடக்கு எல்லைக்காரருக்குப் போன் போட்டு, "உங்க பேரை எல்லையில எழுதறேன், ஆட்சேபணை இல்லையே?" என்று கேட்டேன். மனிதர் பயந்துபோய், என்ன வில்லங்கம் என்று மோட்டார் சைக்கிளில் கடைக்கே வந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி டீ வாங்கிக் கொடுத்து அனுப்ப மதியம் ஆகிவிட்டது. போகும்போது, "நல்ல ஜோக்கு சார்" என்றார்.

மதில்மேல் கிண்ணம் வருவது நின்றிருந்தது. நான் காலையில் பல் தேய்த்துக்கொண்டே அந்தப் பக்கம் பார்ப்பேன்; மனைவி பார்க்காததுபோல இருப்பாள். நேற்று ஒரு கிண்ணம் இருந்தது. ஓடிப்போய்த் திறந்தேன். தேங்காய்ச் சட்னி.

"சாம்பார்?" என்று மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டேன்.

"அதுக்கு இன்னும் மனசு வரல, அண்ணே" என்று பதில் வந்தது.